கண் திறக்காத பிள்ளைகளும் புத்தகத்தின் பின்னட்டையும்

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். படம் போடுகிற கை எழுதும்போது மட்டும் ஏன் இப்படிக் கோணுகிறது என்று என் மனைவி ராணி கேட்பாள். எனக்கும் தெரியாது. உங்களில் யாராவது இதைத் தட்டச்சு செய்தால் பிழைகளைத் திருத்துங்கள். சொன்ன விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

போன மாதம் மெல்பேர்ண் கிளேட்டனில் கூடியபோது நீங்கள் என்னைப் பேசச் சொன்னீர்கள். சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடத் தொடங்கியிருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர், என் அனுபவத்தைக் கேட்க ஆசையாக இருந்தீர்கள். எழும்பி நின்றேன். "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை, கதிரையில் இருந்துவிட்டேன். நீங்கள் அதற்கும் கைதட்டினீர்கள். தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு பிள்ளை கிட்ட வந்து, "அங்கிள், உங்கட ஃபர்ஸ்ட் புக்கில பின்னால இருக்கிற நோட், சோ டச்சிங்" என்றாள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அந்தப் பிள்ளை மேல் கோபம் இல்லை. கோபம் அந்தக் குறிப்பின் மேல். அது எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் படம் போடுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. கோழி ஃபாக்டரியில் வெட்டிய வருடங்கள் வலது பெருவிரல் மூட்டைத் தின்றுவிட்டன, தூரிகை பத்து நிமிடத்துக்கு மேல் கையில் நிற்காது. ஆனபடியால் இனி எனக்கு வேலை தரமாட்டார்கள் என்ற பயமும் இல்லை.

என் வேலைப் பழக்கம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. பதினொரு வயதிலிருந்து நான் கோயில் வாகனங்களுக்கு நிறம் பூசினவன். குதிரை, மயில், எலி எல்லாம் பூசியிருக்கிறேன். அந்த வேலையில் கண்தான் கடைசி. உடம்பு முழுவதும் நிறம் பூசி, நகையெல்லாம் எழுதி முடித்தாலும் கண் வெறுமையாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் விடிய முழுகி, விரதமிருந்து, விளக்கு வைத்துக் கண்ணைத் திறக்க வேண்டும். திறந்த கண் முதலில் பார்ப்பது நல்ல பொருளாக இருக்க வேண்டும். வீட்டில் சாவு விழுந்து துடக்கு உள்ளவன் முப்பத்தொரு நாள் முடியும்வரை அந்தப் பக்கம் போகக் கூடாது.

இந்த நாட்டில் நான் வரைந்தது முயலும் கோழியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். ஆனாலும் பழக்கம் விடவில்லை. முழுப் புத்தகத்தையும் கண் இல்லாமல் வரைந்து முடிப்பேன். பிறகு ஒரு காலையில் எல்லாக் கண்களையும் திறப்பேன். ஒரு தடவை கற்பூரம் கொளுத்தினேன். வீட்டுப் புகை அலாரம் கத்தி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். அதன்பிறகு சின்ன நெய் விளக்கு. படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் வாழைப்பழம் வைப்பேன். ராணிக்கு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை. வாசலில் சப்பாத்துப் போட்டபடி கேட்பாள்:

"இஞ்சாருங்கோ, உங்கட பிள்ளையள் பார்த்து முடிஞ்சுதோ? முடிஞ்சுதெண்டா ரெண்டு பழத்தை எடுத்துக்கொண்டு ஓடுவன்."

"இன்னும் பன்ரெண்டு பேர் பார்க்கேல்லை."

"ஓம், ஓம். அவையள் பார்க்கட்டும். நான் பட்டினியாப் போறன்."

இதை மூடநம்பிக்கை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினையுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கண்ணைக் கடைசிக்கு வைத்தவன், அந்தப் பிள்ளை எதைப் பார்க்கிறது என்று பல நாள் யோசித்திருப்பான். தாயைப் பார்க்கிறதா, கதவைப் பார்க்கிறதா, வாசிக்கிற பிள்ளையைப் பார்க்கிறதா என்று. என்னிடம் இருந்த கலை முழுவதும் அந்த யோசனைதான். அதை எனக்குத் தந்த தெய்வத்துக்கு அந்தக் காலையில் நன்றி சொல்வேன். வாயால் இல்லை, வேலையால்.

என் முதல் புத்தகம் கிடைத்தது ஃபாக்டரியில்தான். தேத்தண்ணி நேரத்தில் கார்ட்போட் மூடிகளில் கோழி வரைவேன். அறுத்துப் பழகியதால் எலும்பு எங்கே மடியும் என்று தெரியும். எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த வியட்நாம் அக்கா ஒருவர் அந்த மூடிகளைப் பிள்ளைகளுக்கு என்று கொண்டுபோவார். பிள்ளைகளின் ஆசிரியை பார்த்து, ஆசிரியைக்குத் தெரிந்த ஒருவர் பார்த்து, கடைசியில் மெல்பேர்ணில் ஒரு பதிப்பகம் என்னைத் தேடி ராணியின் ஃபோனுக்கு எடுத்தது. அந்த அக்காவுக்கு உழுந்து வடை சுட்டுக்கொண்டு வீட்டுக்கே போனோம். அவர் வெட்கப்பட்டு, ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் பிடுங்கித் தந்து அனுப்பினார்.

கதை, பள்ளிக்கூடத்துக்குக் கோழி கொண்டுபோகும் ஒரு சிறுமியைப் பற்றியது. முப்பத்திரண்டு பக்கம். ஏழு மாதம் வரைந்தேன். எல்லாம் முடிந்து கண் மட்டும் பாக்கி. அப்போதுதான் ஊரில் என் பெரியண்ணா செத்துப்போனார்.

என் விசா அப்போதும் தற்காலிக விசா, இப்போதும் அதேதான். வெளியே போனால் திரும்பி வர முடியாது. செத்தவீட்டை ராணியின் ஃபோனில் பார்த்தேன். வாய்க்கரிசி போடுகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. அண்ணாவின் முகத்துக்கு மேலே யாருடையதோ கை. அதற்குப் பிறகு இணைப்பு வரவில்லை.

பதிப்பகத்துக்குப் பக்கங்கள் கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. எனக்கோ முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் ஐயருக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஐயா, துடக்கோட கண் திறக்கலாமோ?"

"சிவ சிவா, கூடாது தம்பி. என்ன வாகனம்?"

"வாகனம் இல்லை ஐயா. பிள்ளையள். புத்தகத்தில."

"எந்தப் பிள்ளையார்?"

"பிள்ளையார் இல்லை ஐயா. பள்ளிக்கூடப் பிள்ளையள். ஒரு கோழியும் இருக்கு."

"கோழிக்கோ கண் திறக்கிறீர்?"

"ஓம் ஐயா."

"உதுக்கு ஆகமத்தில ஒண்டும் சொல்லேல்லை. முப்பத்தொண்டு முடியட்டும். அதுவரைக்கும் பொறுக்கேலாதெண்டா, நீரும் உம்மட மனச்சாட்சியும்."

இனி என் பிழையைச் சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள். நான் பதிப்பகத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. என் ஆங்கிலம் போதாது என்பது ஒரு சாட்டு. உண்மையில் எனக்கு வெட்கம். வேலை தந்தவர்களிடம் நாள் கேட்பது நன்றி கெட்ட வேலை என்று எனக்குள் ஒரு எண்ணம் ஊறியிருந்தது. பத்தாம் நாள் கண் இல்லாத பக்கங்களை ராணியைக் கொண்டு அனுப்பினேன். 'கண் பிறகு வரும்' என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

அடுத்த நாள் பதிப்பகத்து டிசைனர் ஃபோன் எடுத்தான். சென்னைப் பிள்ளை, நல்லவன்.

"அண்ணே, பேஜ் எல்லாம் வந்துருச்சு. சூப்பரா இருக்கு. கண்ணு மட்டும் மிஸ்ஸிங்."

"ஓம் தம்பி. பிறகு வரும்."

"பிறகுன்னா எப்போண்ணே? திங்கக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுது."

"ஒரு இருபது நாள் பொறுக்கேலாதோ?"

அவன் சிரித்தான். "ஜோக் அடிக்காதீங்கண்ணே. பிஸியா இருந்தா விடுங்க, நான் பாத்துக்கறேன்."

நான் பகிடி விடவில்லை. அண்ணா செத்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவன் தமிழன், துடக்கு என்ற சொல் விளங்காவிட்டாலும் தீட்டு என்றால் விளங்கியிருக்கும். சொல்லவில்லை. "சரி தம்பி" என்று வைத்துவிட்டேன். என்ன சரி?

அன்று பின்னேரமே மாதிரிப் பக்கங்கள் வந்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் இருந்தது. இரண்டு கறுப்புப் புள்ளி. கம்ப்யூட்டரில் ஒன்றைச் செய்து எல்லா முகத்திலும் ஒட்டியிருந்தான். அழுகிற பிள்ளைக்கும் அதே புள்ளி, சிரிக்கிற பிள்ளைக்கும் அதே புள்ளி, ஆசிரியைக்கும் கோழிக்கும் அதே புள்ளி. தன் கோழியைத் தேடி மேசைக்குக் கீழே குனிந்த சிறுமி, மேசையையும் பார்க்காமல் கோழியையும் பார்க்காமல் நேரே ஒன்றையும் பார்க்காமல் இருந்தாள். ஏழு மாதம் நான் வளர்த்த பிள்ளைகள்.

"அண்ணே, விடுங்கண்ணே. பேர் வருதுல்ல? மொத புக்குக்கு இதுவே பெருசு," என்றான் அவன், நான் திருப்பி ஃபோன் எடுத்தபோது.

இந்தச் சொல்லை நான் நம் ஆட்களிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! கிடைத்ததே பெரிசு. விட்டதே பெரிசு. உயிரோடு இருக்கிறதே பெரிசு. வெள்ளைக்காரன் சொன்னால் ஒரு நாள்தான் வலிக்கும். நம் ஆள் சொன்னால் அது உள்ளே போய் இருந்துவிடும்.

வியாழக்கிழமை ராணி லீவு போட்டாள். நாங்கள் இருக்கிற ரோவிலில் ரயில் இல்லை. வரும் வரும் என்று நாங்கள் வந்த நாளிலிருந்து சொல்கிறார்கள். பஸ் எடுத்து, பிறகு ரயில் எடுத்து சிற்றியில் இருக்கிற பதிப்பகத்துக்குப் போனோம். போகும்போது அவள் சொன்னாள்: "நீங்கள் கதைக்கிறதைக் கதையுங்கோ. நான் அப்பிடியே சொல்லுவன். ஆனா முழுசாச் சொல்லுங்கோ. வாசலில நிண்டு திரும்பி வாற ஆள் நீங்கள்."

எடிட்டர் ஐம்பது வயதுப் பெண். கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எழும்பி வந்து கை தந்தார், தேத்தண்ணி தந்தார். நான் சொன்னேன், ராணி சொன்னாள். என் நாலு வார்த்தை அவள் வாயில் நாற்பதாகப் போயிற்று. வாகனம், விரதம், அண்ணா, துடக்கு எல்லாம் சொன்னாள். எடிட்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியது.

ராணி என் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு வடிவான பழக்கத்தைத் தான் கேள்விப்படவே இல்லையாம். அண்ணா செத்ததுக்குச் சரியான கவலையாம்."

"புள்ளியை எடுப்பினமோ எண்டு கேள்."

கேட்டாள். அவர் நிறையப் பேசினார். ராணி சுருக்கிச் சொன்னாள்: "இந்தப் பழக்கமும் பின்னட்டையில இருந்திருந்தா சனம் விரும்பி வாங்கியிருக்குமாம்."

"பின்னட்டையில என்ன இருக்கு?"

அப்போதுதான் எடிட்டர் அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். ராணி மெல்ல வாசித்துத் தமிழில் சொன்னாள். போரில் எல்லாவற்றையும் இழந்து, சிறு படகில் கடல் கடந்து வந்த இவருக்கு ஆஸ்திரேலியா வண்ணங்களைத் தந்தது. ஒவ்வொரு நாளும் இவர் இந்த நாட்டுக்கு நன்றி சொல்கிறார்.

அதற்கு மேலே கதை எழுதியவரைப் பற்றிய குறிப்பு. அவருக்கு இரண்டு நாய். கடற்கரைக்குக் கிட்ட வீடு. எலுமிச்சை கேக் பிடிக்கும். அவரிடம் யாரும் நன்றி கேட்கவில்லை.

நான் இந்த நாட்டில் நிறம் வாங்கவில்லை. பதினொரு வயதில் என் நகக்கண்ணில் இருந்த மஞ்சள் இங்கே வரும்வரை போகவில்லை. வாய்க்கரிசி போட விடாத ஒரு விசாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கெஞ்சிப் புதுப்பிக்கிறவன், ஒவ்வொரு நாளும் நன்றி சொல்கிறானாம். நான் சொன்னதை யார் கேட்டார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

"இதை எடுக்கச் சொல்லு. கண்ணையும் நான் வரையிறன்."

ராணி சொன்னாள். எடிட்டரின் முகம் கொஞ்சம் மாறியது. பேசும்போது குரல் மாறவில்லை, அதே அன்பான குரல். ராணி மொழிபெயர்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்லை."

"முழுசாச் சொல்லச் சொன்னது நீதானே? சொல்லு."

"அட்டை கடைக்காரருக்கு எல்லாம் போயிட்டுதாம். அதை மாத்தினா புத்தகம் இந்த வருசம் வராதாம். கண்ணுக்கு எண்டா ரெண்டு நாள் பொறுக்கலாமாம். ரெண்டில ஒண்டுதானாம், ரெண்டும் வேணுமெண்டா புத்தகமே இல்லையாம். அதோட..." அவள் மூச்சு விட்டாள். "உங்களுக்காக இவ்வளவு செய்யினமாம். கொஞ்சம் நன்றியோட நடக்கலாமாம்."

யோசிக்க நேரம் தரவில்லை. எடிட்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். என் மானம் ஒரு பக்கம், அந்தப் பிள்ளைகளின் கண் மறுபக்கம். எழும்பி வந்திருக்கலாம். புத்தகம் வேண்டாம் என்றிருக்கலாம். உங்களில் கொஞ்சம் சூடானவர்கள் அப்படித்தான் செய்திருப்பீர்கள், அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். எனக்கு அந்த நேரம் மேசைக்குக் கீழே குனிந்த சிறுமிதான் தெரிந்தாள். என்னைப் பற்றிய பொய்யை நான் சுமக்கலாம், எனக்கு வயது இருக்கிறது. அவள் என்ன செய்தாள்?

"கண்," என்றேன். அதை மொழிபெயர்க்க ராணி தேவைப்படவில்லை. என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் நாள் துடக்கோடு உட்கார்ந்தேன். முழுகினேன். விளக்கு வைக்கக் கூடாது, வைக்கவில்லை. பழமும் இல்லை. கோபிப்பதென்றால் என்னைக் கோபி, இதுகளை விடு என்று மட்டும் சொன்னேன். தெய்வத்திடம் அவ்வளவு கடுமையாக நான் அதற்கு முன் பேசியதில்லை. ராணி அன்று ஒன்றும் பகிடி விடவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்து, ஒரு பக்கம் காய்ந்ததும் எடுத்து அடுத்ததை வைத்தாள். பின்னேரம் நாலு மணிக்குக் கோழியின் கடைசிக் கண் முடிந்தது.

அந்தக் கண்கள் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆறாம் பக்கத்துப் பொடியனின் இடது கண் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. ஆனால் அது அவனுடைய கண். குனிந்த சிறுமி கோழியைத்தான் பார்க்கிறாள்.

புத்தகம் வந்தது. வெளியீட்டில் பிள்ளைகள் பாயில் இருந்து கேட்டார்கள், கோழியைக் கண்டுபிடித்துக் கத்தினார்கள். அந்த அரைமணி நேரம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. முடிந்தபின் ஒரு அம்மா புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையை வாசித்துவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். எவ்வளவு நன்றியாக இருப்பீர்கள் என்று கேட்டார். ராணி தூரத்தில் நின்றாள். நான் "தாங்க் யூ" என்றேன்.

பின்னட்டையில் மற்றவர் எழுதிய பொய்யை என் வாயாலேயே மெய்யாக்கினேன். உங்களுக்கு நான் தருகிற ஒரே புத்தி இதுதான்: நாள் வேண்டுமென்றால் முதல் நாளே கேளுங்கள். துக்கம் என்றால் துக்கம் என்று சொல்லுங்கள். நான் சும்மா இருந்தபடியால்தான் கண்ணையும் குறிப்பையும் ஒரே தராசில் வைக்க அவர்களுக்கு இடம் வந்தது. படகில் வந்தாலும் சரி, கம்ப்யூட்டர் வேலைக்கு விமானத்தில் வந்தாலும் சரி, இங்கேயே பிறந்தாலும் சரி, உங்களிடமும் ஒரு நாள் நன்றி கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள்.

இப்போது அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். சம்மதக் கடிதம் வந்து மூன்று வாரம். அந்த எடிட்டர் இப்போது அங்கே இல்லை, புது ஆள். "கையெழுத்தைப் போட்டு அனுப்புங்கோவன்," என்று ராணி நேற்றும் சொன்னாள். "போடுறன். முதல் பின்னட்டைக்கு இதை இங்கிலீசில எழுதித் தா," என்று ஒரு தாளைக் கொடுத்தேன். வாசித்தாள். ஒருக்கால் என்னைப் பார்த்தாள். பேனையை எடுத்து மேசையில் இருந்தாள். இதைப் போட்டால்தான் கையெழுத்து என்று மேலே ஒரு வரியும் அவளாகவே சேர்த்தாள். அது இன்று காலை தபாலில் போய்விட்டது. அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. தாளில் இருந்தது இவ்வளவுதான்:

"படங்களை வரைந்தவர் பதினொரு வயதிலிருந்து நிறம் பூசுகிறார். மனைவியோடு ரோவிலில் இருக்கிறார். கணவாய்க் கறி பிடிக்கும். கோழி நன்றாக வரைவார். அவர் யாருக்கு நன்றி சொல்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம்."

எழுதி முடித்தது: ரோவில், ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள், வியாழக்கிழமை.